ஐலண்டும் ஐலும் ஒன்றல்ல

நிலாவெளிப் புறாத்தீவுப் படத்தின் கீழே, 'ஐலண்ட் (island) என்ற சொல் ஐல் (isle) என்பதிலிருந்து பிறந்தது, நடுவில் ஒலிக்காத எஸ் நிற்பதே சாட்சி' என்று எழுதியிருக்கிறார்கள். பலரும் பகிர்வதால் சொல்கிறேன். பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் இரண்டும் உறவில்லாத சொற்கள்.

ஐல், லத்தீன் இன்சுலாவிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. இன்று பெரும்பாலும் கவிதையிலும் இடப்பெயர்களிலும்தான் வரும். ஐலண்ட் ஆங்கிலத்தின் சொந்தச் சொல்; தீவைக் குறித்த பழஞ்சொல் ஒன்றோடு லேண்ட் சேர்ந்தது. அதில் எஸ் இருந்ததே இல்லை. அதை ஐலுக்கு உறவென்று நினைத்தவர்கள் 16ஆம் நூற்றாண்டில் நுழைத்த எழுத்து அது. சாட்சி என்கிறீர்களே, அந்த எஸ்தான் தவறு நடந்ததற்கான தடயம்.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? சொற்பிறப்புத் தரும் எந்த ஆங்கில அகராதியிலும் இரண்டு சொற்களையும் தனித்தனியே பாருங்கள். அப்புறம், 1611ஆம் ஆண்டு ஆங்கில பைபிளின் மூலப் பதிப்பை இணையத்தில் திறந்து அப்போஸ்தலர் 28:1ஐப் பாருங்கள்: ஐலண்ட் என்ற சொல் எஸ் இல்லாமலே அச்சாகியிருக்கும். நம் மூதூர்க் கரையில் 1660இல் சிறைபிடிக்கப்பட்ட ஆங்கிலேய மாலுமி ராபர்ட் நாக்ஸ் 1681இல் வெளியிட்ட இலங்கை நூலின் தலைப்பில் எஸ் வந்து உட்கார்ந்திருக்கும்.