இரட்டைப் படிக்கட்டும் ஒரு கிரவுண்டு மனையும்

(பெரம்பூரில் ஒரு காலிமனை. பழைய ஓட்டு வீட்டை இடித்துக் குவித்த செங்கற்களின் மேல் வீட்டுக்காரரும் மேஸ்திரியும் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் வியாசர்பாடியில் குடியிருந்துகொண்டு பாத்திரக் கடை நடத்துபவர். தாய், மனைவி, மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று தம்மோடு சேர்த்துப் பதினான்கு பேருக்குத் தலைவர், அல்லது தலைவர் என்று தாம் நம்புகிறவர்.)

வீட்டுக்காரர்: மேஸ்திரி, வாசலைத் தாண்டியவுடன் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு படிக்கட்டுகள் வளைந்து ஏறி மாடியில் ஒன்றாகச் சேர வேண்டும், நடுவில் சரவிளக்கு தொங்க வேண்டும். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றக்கூட மறந்து நின்றுவிட வேண்டும்.

மேஸ்திரி: நிற்கட்டும் ஐயா, ஆனால் நிற்பதற்கு இடம் வேண்டுமே. மனை 40க்கு 60, ஆக 2,400 சதுர அடி. சுற்றிலும் ஐந்தடி விட்டாலே 1,500தான் மிஞ்சும். முன்பக்கம் இன்னும் கூடுதலாக விடச் சொல்வார்கள். மாடிக்குப் பத்தரை அடி உயரம் என்றால், படிக்கு ஆறு அங்குலமாக 21 படிகள். கால் வைக்கிற அகலம் 11 அங்குலம் என்றால் ஒரு படிக்கட்டின் நீளமே பதினெட்டு அடியைத் தாண்டுகிறது. அது ஒரு பக்கம் வளைய, அதன் ஜோடி மறுபக்கம் வளைய, நடுவில் உங்கள் சரவிளக்கும் தொங்க, கூடம் மட்டும் 20க்கு 24 வேண்டும்.

வீட்டுக்காரர்: 480 சதுர அடிதானே? பெருங்குடும்பத்துக்குப் பெரிய கூடம் அழகுதானே?

மேஸ்திரி: கீழே 480. அதற்கு மேல் தளம் போடாமல் வெறுமையாக விட வேண்டும் என்பதால் மாடியிலும் 480 போகிறது. 10க்கு 12 என்று பிரித்தால் அது நான்கு படுக்கையறை. உங்கள் மகன்களும் மருமகள்களும் சரவிளக்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டா தூங்குவார்கள்? பாதியில் திரும்பி ஏறுகிற சாதாரணப் படிக்கட்டு 8க்கு 15 அடிக்குள் அடங்கிவிடும். ஓர் அறையோடு நஷ்டம் முடிந்துவிடும்.

வீட்டுக்காரர்: நஷ்டம் என்ற சொல்லை மனையில் நின்று சொல்லாதீர்கள். 21 என்பது ஒற்றைப்படை. லாபம், நஷ்டம் என்று மாற்றி மாற்றி எண்ணிக்கொண்டே ஏறினால் கடைசிப் படி லாபத்தில்தான் முடியும்.

மேஸ்திரி: ஒன்றுக்கு 21 சரிதான். இரண்டும் சேர்ந்தால் 42, ஐயா.

(வீட்டுக்காரர் மனத்துக்குள் கூட்டிப் பார்க்கிறார். வியாபாரி என்பதால் கூட்டலோடு வழக்காட முடியவில்லை.)

மேஸ்திரி: வலஞ்சுழியாகத்தான் படி ஏற வேண்டும் என்று உங்கள் தாயார் வேறு கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். எதிரெதிராக வளைகிற இரண்டில் ஒன்று வலஞ்சுழி என்றால் மற்றது இடஞ்சுழியாகத்தான் அமையும். அதை எந்தக் கொத்தனாராலும் மாற்ற முடியாது. இடஞ்சுழிப் படியில் எந்த மருமகள் ஏறுவது என்பதை நீங்களே வீட்டில் அறிவித்துவிடுங்கள். அன்றைக்கு நான் வேலைக்கு வர மாட்டேன்.

வீட்டுக்காரர்: மூத்தவளுக்கு வலது, கடைசி மருமகளுக்கு இடது.

மேஸ்திரி: நடுவில் ஒருவர் இருக்கிறாரே?

வீட்டுக்காரர்: (நெடுநேரம் யோசித்து) அவளுக்கு ஒரு லிஃப்ட் வைத்துவிடலாம்.

மேஸ்திரி: அப்புறம் மற்ற இருவரும் படியில் கால் வைப்பார்கள் என்று நினைக்கிறீர்களா?

வீட்டுக்காரர்: இருங்கள், இதற்கும் வழி இருக்கிறது. பிரான்சில் ஷாம்போர் என்றோர் அரண்மனை. 1519இல் கட்டத் தொடங்கினார்களாம். நடுத்தண்டு ஒன்றைச் சுற்றி இரண்டு படிக்கட்டுகள் பின்னிக்கொண்டு, இரண்டும் ஒரே திசையில் சுழன்று ஏறுகின்றன. ஒன்றில் ஏறுகிறவரும் மற்றதில் இறங்குகிறவரும் தண்டில் உள்ள திறப்புகள் வழியாக ஒருவரையொருவர் பார்க்கலாம். ஆனால் வழியில் எதிர்ப்படவே மாட்டார்கள். கடைசி மகன் கைப்பேசியில் காட்டினான்.

மேஸ்திரி: அந்த ராஜா எத்தனை மருமகள்களோடு அங்கே குடியிருந்தார்?

வீட்டுக்காரர்: வேட்டைக்குப் போகும்போது தங்கக் கட்டியதுதான். தம் காலத்தில் மொத்தமாகச் சில வாரங்கள்தான் தங்கினாராம்.

மேஸ்திரி: சில வாரம் தங்குகிற வீட்டுக்கு அது பொருந்தும். எதிர்ப்படாமலே ஏறி இறங்க வழியுண்டு என்ற செய்தி உங்கள் வீட்டுப் பெண்கள் காதில் விழுந்தால், அது படிக்கட்டோடு நிற்காது, ஐயா. இரண்டு சமையலறை, இரண்டு மின்மீட்டர் என்று வளர்ந்துகொண்டே போகும்.

வீட்டுக்காரர்: கீழே ஒன்றாகத் தொடங்கி, பாதியில் இரண்டாகப் பிரிந்தால்?

மேஸ்திரி: பாதிவரை கூட்டுக்குடும்பம், அதற்கு மேல் தனிக்குடித்தனம். காரைக்குடிப் பக்கம் நான் மராமத்துப் பார்த்த வீடுகளில் தூணுக்கும் முற்றத்துக்கும் கொட்டிய பணத்துக்குக் கணக்கே கிடையாது. மாடிப்படி மட்டும் ஓர் ஆள் ஏறும் அகலத்தில் மூலையில் ஒளிந்துகொண்டிருக்கும். அவர்களை யாராவது ஏழைகள் என்றார்களா?

வீட்டுக்காரர்: (குரல் தாழ்ந்து) ஆடம்பரத்துக்காக மட்டும் கேட்கவில்லை, மேஸ்திரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். இப்போதிருக்கும் வீட்டின் படி இரண்டரை அடி அகலம். மகன்கள் ஃபிரிட்ஜை மேலே தூக்கினார்கள். அது பாதியில் சிக்கிக்கொண்டது. மேலே இருந்தவர்கள் இறங்க முடியவில்லை, கீழே இருந்தவர்கள் ஏற முடியவில்லை. என் தாயார் நாற்காலி மேல் உட்கார்ந்து எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு படிக்கட்டு இருந்திருந்தால் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.

மேஸ்திரி: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அதற்குத் தேவை அகலம்தான், எண்ணிக்கை அல்ல. தரைமட்டத்தைத் தெருவை விட மூன்றடி உயர்த்திவிடுகிறேன். ஒரே படிக்கட்டு, ஐந்தடி அகலம், திரும்புகிற இடத்தில் பீரோவைச் சுற்றித் திருப்பும் அளவுக்கு மேடை. தாயாருக்குக் கீழேயே அறை. வலஞ்சுழி, 21 படி, லாபம்.

(வீட்டுக்காரர் நெடுநேரம் மனையைப் பார்க்கிறார். சரவிளக்கை மனத்திலிருந்து இறக்குவது எளிதாக இல்லை.)

வீட்டுக்காரர்: சரி, ஒன்றே இருக்கட்டும். ஆனால் ஐந்தடி இருக்கிறதே; நடுவில் பித்தளைக் கைப்பிடி ஒன்றை நீளவாக்கில் போட்டுவிட்டால், பார்ப்பதற்கு இரண்டு படிக்கட்டு மாதிரி இருக்கும் அல்லவா?

மேஸ்திரி: தாராளமாக இருக்கும், ஐயா. ஒவ்வொன்றும் இரண்டரை அடி. ஃபிரிட்ஜை மட்டும் இப்போதே சின்னதாகப் பார்த்து வாங்கிவிடுங்கள்.