பிக்கு கேட்பதில்லை

லாவோஸ் நாட்டின் லுவாங் பிரபாங் நகரில் பிக்குகள், அதாவது புத்தத் துறவிகள், விடியற்காலையில் பாத்திரம் ஏந்தி வரிசையாகப் போகும் அந்த வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நேற்று இரவிலிருந்து உள்பெட்டியில் அதையேதான் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போதும். "காலங்காத்தால வரிசை கட்டிப் பிச்சை எடுக்க வர்றாங்க பாருங்க" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே பேசுகிறார். பேசியபடியே ஒரு சின்னச் சாமணேரனின் (இளம் பயிற்சித் துறவியின்) முகத்துக்கு நேராக ஃபிளாஷ் அடிக்கிறார். அந்தப் பையன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடக்கிறான். அதற்குக் கீழே ஆயிரக்கணக்கில் சிரிப்பு முகங்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிக்கு கேட்பதில்லை. வாய் திறந்து "சோறு போடுங்கள்" என்று சொல்ல மாட்டார், கை நீட்ட மாட்டார். வீதியில் மௌனமாக நடப்பார். யாராவது இட விரும்பினால் நின்று பாத்திரத்தின் மூடியைத் திறப்பார். பார்வை பாத்திரத்தின் மேல்தான் இருக்க வேண்டும், இடுபவர் முகத்தை நோட்டம் விடக் கூடாது. விளிம்புக்கு மேல் குவியும் அளவுக்கு வாங்கவும் கூடாது. இவையெல்லாம் துறவிகளின் ஒழுக்க நூலான விநயத்தில் எழுதியே வைத்த விதிகள்.

லாவோஸில் உள்ள பௌத்தப் பிரிவான தேரவாதத்தில் பிக்குவுக்கு மொத்தம் 227 விதிகள். சாப்பாட்டைத் தொடும் விதிகளை மட்டும் பாருங்கள். உச்சிவேளை தாண்டினால் மறுநாள் விடியும்வரை உணவு கிடையாது. இன்று வாங்கியதை நாளைக்கென்று எடுத்துவைக்கக் கூடாது. தானே சமைக்கக் கூடாது. மண்ணைத் தோண்டுவதும் செடியை ஒடிப்பதும் குற்றம், ஆகவே பயிர் செய்ய வழியில்லை. பொன்னும் வெள்ளியும் தொடக் கூடாது, ஆகவே கடையில் வாங்கவும் வழியில்லை. மரத்தடியில் விழுந்துகிடக்கும் மாம்பழத்தைக்கூட ஒருவர் எடுத்துக் கொடுத்தால்தான் தின்னலாம். உடம்பு நன்றாக இருக்கும்போது நெய், தேன், மீன், தயிர் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் அதுவும் குற்றம்.

ஊரை விட்டு விலகித் தனியாக வாழக்கூடிய ஒவ்வொரு கதவும் அடைக்கப்பட்டிருக்கிறது. தினமும் ஊருக்குள் வந்தே ஆக வேண்டும். ஊருக்குப் பிடிக்காதபடி நடந்துகொண்டால் அன்றைக்குப் பட்டினி. துறவியை இல்லறத்தாரிடம் தினமும் பதில் சொல்ல வைக்கும் ஏற்பாடு இது. இதைப் போய்ச் சோம்பேறித்தனம் என்கிறீர்கள்.

லாவோஸ் மக்கள் இதைத் 'தக் பாத்' என்கிறார்கள். 'தக்' என்றால் அள்ளி இடுவது, 'பாத்' என்றால் பாத்திரம். பெயரே இடுபவரின் செயலைச் சொல்கிறது. இடுபவர்கள் முந்தின இரவே பசையரிசியை ஊறவைத்து, விடியுமுன் எழுந்து, மூங்கில் கூடையில் ஆவியில் வேகவைக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, தோளில் துண்டு போட்டு, மண்டியிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு சிறு உருண்டை போடுகிறார்கள். மூத்த பிக்கு முன்னால், சாமணேரர் கடைசியில். நன்றி சொல்லும் வழக்கம் இல்லை, ஏனென்றால் புண்ணியம் ஈட்டுபவர் இடுபவர்தான். அந்தப் புண்ணியத்தைச் செத்துப்போன தாய் தகப்பனுக்கு நீர் வார்த்துக் கொடுக்கிறார்கள்.

"பிக்கு என்ற சொல்லிலேயே பிச்சை இருக்கிறதே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்மை. நம்முடைய 'பிச்சை' என்ற சொல்லும் அந்த வேரிலிருந்துதான் வந்தது. இந்தக் கேள்வி புத்தரிடமே கேட்கப்பட்டிருக்கிறது. பிச்சையெடுத்து வாழ்ந்த ஒரு பிராமணர், "நானும் இரக்கிறேன், நீரும் இரக்கிறீர், என்ன வித்தியாசம்?" என்றார். பிறரிடம் இரப்பதனால் மட்டும் ஒருவன் பிக்கு ஆவதில்லை என்பதுதான் கிடைத்த பதில். தம்மபதம் என்ற பௌத்த நூலிலும் அது இருக்கிறது. பூவின் நிறத்துக்கும் மணத்துக்கும் கேடில்லாமல் தேனெடுக்கும் வண்டைப் போல முனிவர் ஊருக்குள் நடக்க வேண்டும் என்பதும் அதே நூலில்தான்.

"உழைத்துச் சாப்பிடட்டும்" என்பவர்களுக்கும் பழைய பதிலே போதும். மகத நாட்டில் ஏகநாளா என்ற ஊரில் விதைப்புக் காலம். காசி பாரத்துவாசன் என்ற நிலக்கிழார் தன் ஆட்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார். ஓரமாக வந்து நின்ற புத்தரிடம், "நான் உழுகிறேன், விதைக்கிறேன், பிறகு சாப்பிடுகிறேன். நீரும் அப்படிச் செய்யும்" என்றார். நம்பிக்கை என் விதை, தவம் மழை, அறிவு நுகமும் ஏரும் என்று பாட்டாகவே பதில் சொன்னார் புத்தர். மனம் மாறிய பாரத்துவாசன் கிண்ணம் நிறையப் பாயசம் நீட்டினார். புத்தர் வாங்கவில்லை. பாட்டுச் சொல்லிப் பெறும் கூலிச் சோறு தனக்கு ஆகாது என்று மறுத்துவிட்டார். பசியோடு வந்தவர் மறுத்துவிட்டுப் போகிறார். இவரையா பிச்சைக்காரர் என்கிறீர்கள்?

சீனத்தில் சான் (ஜென்) பௌத்த மடங்களில் துறவிகள் வயலில் இறங்கினார்கள், "ஒரு நாள் வேலை இல்லையேல் ஒரு நாள் சோறு இல்லை" என்பது பைஜாங் என்ற சான் குருவின் பெயரில் வழங்கும் வாக்கு. சரி, அது அந்த நாட்டின் வழி. அதை வைத்து லாவோஸை அளக்காதீர்கள். விதியை மீறிப் பணம் சேர்க்கும் பிக்குகள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். அவர்களைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். பாத்திரம் ஏந்தி வெறுங்காலோடு நடக்கும் பையனை ஏன் திட்டுகிறீர்கள்?

மறுக்கும் உரிமை அவர்களுக்கு விதியிலேயே உண்டு. சங்கத்துக்கு, அதாவது பிக்குகளின் கூட்டத்துக்கு, தீங்கு செய்தவரிடம் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடலாம், அவர் கொடுக்கும் எதையும் வாங்க மாட்டார்கள். 1990-இல் மியான்மரில் ராணுவத்தாருக்கு எதிராகக் கவிழ்த்தார்கள். 2007 செப்டம்பரில் பக்கோக்கு ஊரில் பிக்குகள் தாக்கப்பட்டு, கேட்ட மன்னிப்பும் வராதபோது மறுபடியும் கவிழ்த்தார்கள். பாத்திரங்களைத் தலைகீழாகப் பிடித்தபடி தெருவில் நடந்தார்கள். புண்ணியம் சேர்க்கும் வழி அடைபட்டால் அந்த நாட்டில் அது எவ்வளவு பெரிய தண்டனை என்று தளபதிகளுக்குத் தெரியும்.

தமிழில் சிரிக்கிறார்களே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அமுதசுரபியை ஏந்திப் புகார் வீதியில் மணிமேகலை நின்றதும், ஆதிரை முதல் பிச்சை இட்டதும் நம் மொழியில்தானே இருக்கிறது? அந்தப் பாத்திரம் வாங்கியதும் பிறர் பசி தீர்க்கத்தான். லுவாங் பிரபாங் வரிசையின் ஓரத்தில் கூடையோடு ஏழைப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். சாமணேரர்கள் தங்கள் பாத்திரத்திலிருந்து சோற்றை எடுத்து அவர்கள் கூடையில் போட்டுவிட்டுப் போவார்கள். வீடியோவில் அந்த இடம் வருவதற்குள் கேமரா வேறு பக்கம் திரும்பிவிடுகிறது.

அங்கே போகப்போகிறவர்களுக்கு: தெருவில் பயணிகளிடம் விற்கும் சோற்றை வாங்கி இடாதீர்கள். பழைய சோறாக இருந்தால் சாப்பிட்டு உடம்புக்கு முடியாமல் படுப்பது பிக்குகள்தான். தங்கும் விடுதியில் முந்தின நாளே சொல்லிப் புதுச் சோறு வாங்குங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். பிக்குவை விடத் தாழ்வாக இருங்கள், தொடாதீர்கள். சும்மா பார்ப்பதென்றால் எதிர்ச்சாரியில் நின்று பாருங்கள், ஃபிளாஷ் வேண்டாம், வரிசையின் குறுக்கே போக வேண்டாம். அந்தப் பையனின் முகம் தெரியும் வீடியோவை யாராவது பகிர்ந்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.