அமர்கண்டக் பல்கலைக்கழகமும் மே மாத நுழைவுத்தேர்வும்

விந்திய மலையும் சாத்புராவும் சந்திக்கும் மைக்கல் மலைத்தொடரில், நர்மதையும் சோன் நதியும் பிறக்கும் மத்தியப் பிரதேசத்து அமர்கண்டக்கில் இந்திரா காந்தி தேசியப் பழங்குடியினர் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2007இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் உருவாகி, 2008 முதல் இயங்கிவரும் மத்தியப் பல்கலைக்கழகம் அது. முதன்மையாகப் பழங்குடி மக்களின் உயர்கல்விக்கானது என்று அச்சட்டமே சொல்கிறது. சுற்றிலும் சால் காடுகள், கோண்டு, பைகா மக்களின் ஊர்கள். இடத்தேர்வில் குறை சொல்ல எதுவுமில்லை. சேர்க்கை முறையைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது.

2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைச் சேர்க்கை க்யூட் பொது நுழைவுத்தேர்வின் வழியாக நடக்கிறது. அண்மை ஆண்டுகளில் அத்தேர்வு பெரும்பாலும் மே மாதத்தில் வருகிறது. அம்மலைகளில் தெந்து இலை பறிக்கும் பருவமும் அதுவே. பீடி சுற்றப் பயன்படும் அந்த இலைக்காக விடியுமுன்னே குடும்பத்தோடு காட்டுக்குப் போவார்கள். வெயில் ஏறுமுன் திரும்பி, ஐம்பது ஐம்பது இலைகளாக அடுக்கி, நாரால் கட்டி, கொள்முதல் களத்தில் எண்ணிக் கொடுப்பார்கள். சில வாரங்களே நீடிக்கும் இந்த வேலையின் கூலிதான் பல வீடுகளுக்கு மழைக்கு முன் கிடைக்கும் கைக்காசு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையும் அதில் ஓர் ஆள். அந்தப் பிள்ளை அந்த நாட்களில் கூலியை விட்டுவிட்டு, தேர்வு மையமுள்ள நகரத்துக்குப் பயணப்பட்டு, பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த நகரத்துப் பிள்ளையோடு கணினி முன் போட்டியிட வேண்டும் என்றால், அதைச் சமவாய்ப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

மொழிச் சிக்கலும் உண்டு. இத்தேர்வைத் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் எழுதலாம். 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 30 லட்சம் பேருக்குத் தாய்மொழியான, நம் திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்த கோண்டியில் எழுத முடியாது. அமர்கண்டக் பக்கத்துக் கோண்டு மக்களில் பலர் இந்தியின் வட்டார வழக்குகளையே பேசுகிறார்கள் என்பது உண்மைதான்; ஆனால் இப்பல்கலைக்கழகம் நாடு முழுவதற்குமானது, சத்தீஸ்கரில் கோண்டி பேசப்படும் பஸ்தரிலிருந்து வரும் பிள்ளைக்கும் அது பதில் சொல்லியாக வேண்டும்.

தேர்வை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இடங்களில் ஒரு பகுதியையாவது பழங்குடி மாணவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே கொடுத்து, வளாகத்திலேயே ஓராண்டு ஆயத்தப் படிப்பு நடத்தலாம். தரம் போய்விடும் என்று சிலர் பதறுவார்கள். அந்த ஓராண்டு அதற்காகத்தானே? இதற்கெல்லாம் காலம் பிடிக்கும் என்றால், தேர்வு நாளையாவது மாற்றட்டும். இலைக் கொள்முதல் செய்யும் மாநிலக் கூட்டுறவு அமைப்புகளிடம் ஒரு வார்த்தை கேட்டாலே பருவம் எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று தெரிந்துவிடும்.