சூடான பால்

(யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து கொக்குவிலுக்கு ஓட்டோ. ஆவணி வெயில். ஓட்டுகிறவர் தம்பி. பின்னால் மூன்று பைகளோடு அக்கா, பிரான்ஸிலிருந்து லீவுக்கு வந்தவர்.)

தம்பி: அக்கா, பிரான்ஸ் என்று சொன்னபடியால் கேட்கிறேன், கோவிக்க வேண்டாம். உங்களுக்கு லட்சியைத் தெரியுமோ?

அக்கா: எந்த லட்சி? எந்த ஊர்?

தம்பி: ஆள் இல்லை அக்கா, பாட்டு. போன கிழமை ஒரு ஜூஸ் கடையில் போட்டார்கள், சின்னப் பெட்டையின் குரல், நடுவில் ஒரு ஊதுகுழல் வேறு. பிரெஞ்சுப் பாட்டாம், மாமா கொண்டுவந்த பென்டிரைவாம், அடுத்த நாள் போய்க் கேட்டால் மாமாவும் திரும்பிப் போய்விட்டார், பென்டிரைவும் போய்விட்டது. எனக்கு மிஞ்சினது "ஷோ லே ட்சி" மட்டும்தான். அதை வீட்டில் முணுமுணுக்கப் போய், மனுசி இரண்டு நாளாக லட்சி ஆர் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

அக்கா: பொறும், பொறும். ஷோ என்றால் சூடு. லே என்றால் பால்.

தம்பி: சூடான பாலோ?

அக்கா: அப்படித்தான் வருகுது. "ட்சி"தான் பிடிபடவில்லை.

தம்பி: பாலுக்கு ஆரக்கா இவ்வளவு உருகிப் பாடுவார்கள்?

அக்கா: நான் 18 வருசம் அங்கே ரெஸ்ரோரன்ட் குசினியில் நின்றவள், எனக்குச் சாப்பாட்டுப் பிரெஞ்சுதான் வரும். பால், வெங்காயம், கெதியாய், இன்னும் கெதியாய். மிச்சமெல்லாம் லாச்சப்பல் தமிழ்க் கடைகளில் தமிழிலேயே முடிந்துவிடும். பாட்டுப் பிரெஞ்சு என்ரை மகளிடம் இருக்கு. ஆனால் இங்கே பத்து மணி என்றால் அங்கே ஆறரை. எழுப்பினால் அவள் என்னைச் சூடாக்கிவிடுவாள்.

(தட்டாதெருச் சந்தி தாண்டியதும் தம்பி ஓட்டோவை ஒரு வேப்பமரத்தடியில் ஓரங்கட்டுகிறார்.)

தம்பி: போனில் பாட்டுக் கண்டுபிடிக்கிற ஷஸாமுக்கும் பாடிப் பார்த்தேன் அக்கா, ஒன்றும் வரவில்லை.

அக்கா: அதற்கு வராது. அது ஒலிப்பதிவையே பொருத்திப் பார்க்கிறது. உம்முடைய தொண்டையை ஆர் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள்? கூகிளில் முணுமுணுத்தே தேடலாம், மகள் காட்டினவள். ஒரு 10, 15 செக்கன் இராகத்தை மட்டும் விடும்.

தம்பி: ம்ம்ம்... ம்ம் ம்ம்...

(காங்கேசன்துறை பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தபடி போகிறது. அந்த ஹோர்னிலும் ஒரு இராகம் இருந்ததென்பதைச் சொல்லத்தான் வேண்டும்.)

அக்கா: 21 வீதம் பொருந்துதாம், ஏதோ பக்திப் பாட்டாம். திரும்ப.

தம்பி: ம்ம் ம்ம்ம்...

அக்கா: உது குரலில்லை தம்பி, மோட்டர்! எஞ்சினை நிப்பாட்டும்!

(மூன்றாம் முறை. ரோட்டில் பழக்கூடையோடு போன ஒரு ஐயா நின்று பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போகிறார்.)

தம்பி: வந்திட்டுது! வந்திட்டுது! "ஜோ லு தக்சி." வனேசா பரடி, 1987.

அக்கா: தக்சியோ? ரக்சியோ?

தம்பி: ரக்சி ஓடுகிற ஜோ! லட்சியும் இல்லை, பாலும் இல்லை. தமிழிலேயும் மாற்றிக் காட்டுது அக்கா. பாரிஸ் தெருவெல்லாம் அவனுக்குத் தெரியுமாம், ரும்பா இசை கேட்டுக்கொண்டு ஓடுவானாம். பாடின பெட்டைக்கு அப்போது 14 வயதாம். பிரான்ஸில் 11 கிழமை முதலாம் இடமாம்!

அக்கா: அட, நானும் எத்தனை ரக்சியில் ஏறியிருப்பேன். ரும்பாவையும் காணவில்லை, ஒன்றையும் காணவில்லை.

தம்பி: இஞ்சை பாருங்கோ, நானும் 11 வருசமாக ஓடுகிறேன். கொக்குவிலில் எந்த ஒழுங்கையில் எந்த நாய் கலைக்கும் என்பதுவரை தெரியும். எனக்கு ஆராவது ஒரு தேவாரமாவது பாடினார்களா?

அக்கா: முதலில் எஞ்சினைப் போடும். மீன் நாறப் போகுது.

(கொக்குவில். அக்கா இறங்குகிறார்.)

தம்பி: 400 அக்கா. வெயிற்றிங் 150.

அக்கா: உம்முடைய பாட்டைத் தேடினதுக்கு நான் வெயிற்றிங் தரவேணுமோ? ஜோ வெயிற்றிங் கேட்டதாகப் பாட்டில் எங்கேயும் இல்லை.

தம்பி: உங்களுக்கு எப்படித் தெரியும் அக்கா? உங்களுக்குப் பால், வெங்காயம் மட்டும்தானே தெரியும்!