படம் பார்க்கும் வயது எப்போது முடிகிறது?

சனிக்கிழமை ஒரு பள்ளி நான் கொடுத்த புத்தகங்களைத் திருப்பித் தந்ததைப் பற்றி உங்களில் பலர் ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள். அந்தப் பள்ளியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஆனால் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நான் கொண்டுபோய்க் கொடுத்த படக்கதைப் புத்தகப் பெட்டியைக் கட்டியிருந்த கயிற்றைக்கூட அவிழ்க்காமல், "இவர்கள் படம் பார்க்கும் வயதைத் தாண்டிய பிள்ளைகள், பொது அறிவுப் புத்தகம் இருந்தால் கொடுங்கள்" என்று திருப்பித் தந்தார்களே, அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு ஒன்பது வயது. ஒன்பது வயதில் கண்ணுக்கு என்ன ஓய்வூதியமா கொடுத்துவிடுகிறோம்?

விலங்குக் கதையில் பாதிக் கதை படத்தில்தான் இருக்கிறது. அந்தப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்திருந்தது பீட்டர் முயலின் கதை. 1893இல் நோயுற்றுப் படுத்திருந்த ஒரு சிறுவனுக்கு ஆங்கில எழுத்தாளரும் ஓவியருமான பீட்ரிக்ஸ் பாட்டர் எழுதிய படக் கடிதத்தில் பிறந்த கதை அது. பதிப்பாளர்கள் மறுத்ததால் 1901இல் தம் கைக்காசைப் போட்டு 250 படிகள் அச்சிட்டார். 1902இல்தான் வண்ணப் படங்களுடன் ஒரு பதிப்பகம் வெளியிட்டது. சிறு பிள்ளையின் கைக்குள் அடங்க வேண்டும் என்று புத்தகத்தின் அளவையே சிறிதாக வைத்தார். வீட்டில் முயல் வளர்த்து, அதை உற்றுப் பார்த்து வரைந்தவர் அவர். அதனால்தான் நீலச் சட்டை போட்டிருந்தும் அந்த முயல் முயலாகவே இருக்கிறது.

நான் கடற்கரை ஊர் ஒன்றில் ஆசிரியையாக இருந்தபோது இதே கதையை வகுப்பில் சொன்னேன். தோட்டக்காரருக்குப் பயந்து ஓடும் பீட்டரின் சட்டைப் பொத்தான்கள் வலையில் மாட்டிக்கொள்ளும் பக்கம் வந்தது. வாய் திறந்து பேசாத ஒரு சிறுமி எழுந்து வந்து, அந்த வலையின் மேல் விரலை வைத்து, ஒவ்வொரு கண்ணியாகத் தடவிப் பார்த்தாள். "டீச்சர், முயல் மாட்டல்ல. பொத்தான்தான் மாட்டியிருக்கு. சட்டையைக் கழற்றிப் போட்டா ஓடிரலாமே" என்றாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். சட்டையை விட்டுவிட்டு முயல் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய அப்பா வலை பின்னுகிறவர். நான் எத்தனை முறை படித்தும் அந்த வலையை அவள் பார்த்ததைப் போல் பார்த்ததில்லை. எந்தப் பொது அறிவுப் புத்தகம் அவளை அன்று எழுந்து பேச வைத்திருக்கும்?

விலங்கு பேசுவது பொய், பிள்ளைகளுக்கு அறிவியல்தான் வேண்டும் என்பார்கள். பாட்டர் காளான்களை ஆராய்ந்து, அவற்றின் வித்துகள் முளைப்பதைப் பற்றி எழுதிய கட்டுரை 1897இல் லண்டனில் இயற்கை அறிவியலாளர்களின் லின்னேயன் சங்கக் கூட்டத்துக்குச் சென்றது. பெண் என்பதால் அந்தக் கூட்டத்தில் அவரால் உட்காரக்கூட முடியவில்லை. காளானைப் பார்த்த அதே கண்தான் முயலையும் பார்த்தது.

வெள்ளைக்காரர் முயல் எதற்கு, நம்மிடம் பஞ்சதந்திரம் இல்லையா என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது, அதே பெட்டியில் அதுவும் இருந்தது, படங்களுடன். கயிற்றை அவிழ்த்திருந்தால் தெரிந்திருக்கும். பஞ்சதந்திரம் மேற்கே போய் 8ஆம் நூற்றாண்டில் அரபு மொழியில் கலீலா–திம்னா என்ற நூலானபோதே, விலங்குகளின் உருவங்களைப் பல வண்ணங்களில் காட்டுவதும் இந்நூலின் நோக்கம் என்று அதை மொழிபெயர்த்த இப்னுல் முகஃபா முன்னுரையில் எழுதினார். 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவைக் கைக்குக் கை மாற்றிப் படித்த என் தலைமுறை, எழுத்துக் கூட்டுவதற்கு முன்னால் படத்தைத்தான் படித்தது. பசுவையும் கன்றையும் பாடிய கவிமணி பிறந்த தேரூர் இருக்கும் குமரி மாவட்டத்தில் இதை நான் விளக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் வலிக்கிறது.

விலை அதிகம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவை இலவசமாகக் கொடுத்தவை.

பீட்டர் முயலின் அப்பாவைத் தோட்டக்காரர் மனைவி சமைத்துவிட்டதாக வருகிறதே, பிள்ளைகள் பயப்படாதா என்று ஒரு பெற்றோர் முன்பு கேட்டார். 2017இல் ஒக்கி புயலுக்குப் பிறகு அப்பா திரும்பி வராத வீடுகள் எங்கள் கடற்கரையில் எத்தனை இருந்தன என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். அப்பா இல்லாத முயல்குட்டி, தப்பி ஓடி, களைத்துப் போய் வீட்டுக்கு வந்து தரையில் விழுந்து கிடக்கும் படத்தை அவர்கள் நெடுநேரம் பார்த்திருந்தார்கள். ஒருவரும் பயப்படவில்லை. அந்த நேரத்தில் நானும் எதுவும் பேசவில்லை.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை என்று சொல்ல நினைத்தேன். இல்லை, குறை சொல்வதற்காகத்தான் எழுதுகிறேன். ஒரு புத்தகத்தை எடுத்து, நாலு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றிருந்தால் இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது.

பெட்டி இப்போது எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் நேற்று மாலை வந்து கயிற்றை அவிழ்த்தார்கள். ஏழாம் வகுப்பில் படிக்கும் மூத்தவன்தான் முதலில் தரையில் உட்கார்ந்தான்.