கண்ணுக்குள் வைக்கும் எலக்ட்ரோடுக்கு யார் பொறுப்பு?

பார்வை இழந்தவர்களின் கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை விழித்திரை பற்றிச் செய்தி வந்தாலே, நரம்புக்கு மின்சாரம் கொடுக்கும் குட்டி உலோக முனைகள், அதாவது ‘எத்தனை எலக்ட்ரோடு’ என்பதுதான் பேச்சாக இருக்கிறது. அது எத்தனை வருஷம் தாங்கும், பழுதானால் யாரிடம் போவது என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

காசிமேட்டில் மீன் ஏலம் விட்டுக்கொண்டிருந்த என் பெரியப்பாவுக்கு ரெடினைடிஸ் பிக்மென்டோசா. மாலைக்கண்ணில் ஆரம்பித்து, பக்கப் பார்வை சுருங்கிக்கொண்டே வந்தது. இன்றைக்கும் வஞ்சிரமா சீலாவா என்று தோலைத் தடவியே சொல்லிவிடுவார். ஆனால் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டைத் தாண்ட யாராவது கையைப் பிடித்தாக வேண்டும். கன்டெய்னர் லாரியின் விளிம்பு மங்கலாகத் தெரிந்தால்கூட அவருக்குப் பெரிய விஷயம்.

இந்த நோயில் ஒளியை உணரும் செல்கள் செத்துப்போகின்றன. அடுத்த அடுக்குகளில் உள்ள நரம்புச் செல்களில் நிறைய பிழைத்திருக்கும். அவற்றை மின்சாரத்தால் தூண்டினால் மூளைக்கு வெளிச்சப் புள்ளி தெரியும். புள்ளி நுணுக்கமாக வேண்டுமென்றால் எலக்ட்ரோடு சிறிதாக வேண்டும். சிறிதானால் அதே மின்னூட்டம் குறுகிய பரப்பில் நெருக்கியடித்து இறங்கும். அளவு மீறினால் சுற்றியுள்ள நீர் பிரிந்து வாயு கிளம்பும், உலோகம் கரையும், திசு கெடும். அதனால்தான் பிளாட்டினத்தைச் சொரசொரப்பாக்குகிறார்கள், இரிடியம் ஆக்சைடு பூசுகிறார்கள். விட்டம் மாறாமல் தொடும் பரப்பு மட்டும் கூடும். அப்புறம் ஒவ்வொரு மின்துடிப்புக்கும் எதிர்த்துடிப்பு கொடுத்து மின்னூட்டத்தைச் சமன் செய்கிறார்கள். வருஷக்கணக்கான உழைப்பு இது.

ஆனால் ஆர்கஸ் 2 என்ற செயற்கை விழித்திரையின் கதையைப் பாருங்கள். 60 எலக்ட்ரோடு. 2013இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. 2019இல் நிறுவனம் தயாரிப்பையே நிறுத்தியது, அடுத்த வருஷம் ஊழியர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பியது. அதைப் பொருத்திக்கொண்ட முந்நூற்றுச் சொச்சம் பேர் நடுத்தெருவில் நின்றார்கள். உள்ளே எலக்ட்ரோடு நன்றாக இருந்தாலும், கேமரா படத்தைத் துடிப்புகளாக மாற்றும், இடுப்பில் மாட்டும் பெட்டி போனால் எல்லாம் போச்சு.

பிரிமா என்ற புதிய சில்லு 2 மில்லிமீட்டர், 378 பிக்சல், வயரே கிடையாது. போட்டுக்கொள்ளும் மூக்குக்கண்ணாடியிலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளியே படத்தையும் மின்சாரத்தையும் கொண்டுவருகிறது. வயதானவர்களுக்கு நடுப்பார்வை போகும் நோயில், ஓராண்டு முடிவில் 32 பேரில் 26 பேருக்குப் பார்வை குறிப்பிடத்தக்க அளவு முன்னேறியதாக 2025இல் முடிவு வெளியானது. பெரியப்பாவுக்கு வந்தது வேறு நோய், ஆனாலும் படித்தபோது மனசு நிறைந்தது. கண்ணுக்குள் பேட்டரியும் வயரும் இல்லாத இந்த வழிதான் சரி என்று நினைக்கிறேன். ஆனால் அதற்கும் வெளியே ஒரு கண்ணாடி வேண்டும், அது ஒரே நிறுவனத்தின் கையில்.

எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. வடசென்னையில் கண்ணுக்கு ஒன்று என்றால் நாங்கள் ஓடுவது அங்கேதான். இப்படி ஒரு சில்லு நம் ஊருக்கு வரும்போது, அதை இயக்கும் துடிப்பு அளவுகளும் கண்ணாடியின் முழு வடிவமைப்பும் அந்த மாதிரி அரசு மருத்துவமனையில் ஒப்படைக்கப்பட வேண்டும். நிறுவனம் மூடினாலும் அங்கே பழுது பார்க்க முடிய வேண்டும். இதற்கு எழுத்தில் உத்தரவாதம் தராத எந்தக் கருவிக்கும் அனுமதி கொடுக்கக் கூடாது.