பின்னால் தள்ளு, அண்ணாச்சி!

மோட்டார் சைக்கிளுக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த இந்தச் சங்கதி, கேரளத்து வேம்பநாட்டு ஏரியில் வண்டிகளை ஏற்றி இறக்கியே பிழைப்பு நடத்தும் ஜங்கார் என்னும் ஓடம் ஒன்றின் ஊழியர்களுக்கு மட்டும் தெரியவில்லை. துறையின் பெயரை எழுதப்போவதில்லை. மீன்கூடையோடும் தீவன மூட்டையோடும் தினமும் கரை கடக்கிறவர்களுக்கு அந்த ஓடம்தான் கதி; என் கோபத்தால் அவர்களுக்கு ஒரு நன்மையும் விளையாது.

மதுரையிலிருந்து குமுளி ஏறி, குட்டிக்கானம் வழியாகக் கோட்டயம் இறங்கி, ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். வைக்கத்தில் பெரியார் நினைவகத்தைப் பார்த்தாயிற்று. அடுத்து மேற்குக் கரைக்குப் போக வேண்டும். தண்ணீர்முக்கம் தடுப்பணை மேல் நல்ல சாலை இருக்கிறதே, அதில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். என் மனைவியும் அதையேதான் கேட்டாள். ஏரியைப் பார்க்க வந்தவன் ஏரியின் மேல் போகாமல் எப்படித் திரும்புவது என்று நான்தான் வீறாப்பாகப் பேசினேன். அந்த வாயை இப்போது நினைத்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

துறையில் முதல் மரியாதை காருக்கு. இரண்டாவது மரியாதை சரக்கு ஆட்டோவுக்கு. நானோ அவர்களுக்கெல்லாம் முன்னால் வந்தவன். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றவன். டிக்கெட் வாங்கும்போது என் வண்டி வாகனம். ஏற்றும்போது அது இடுக்கில் செருகும் சாமான். நான்கு கார்களை நிறுத்திய பிறகு மிஞ்சிய சந்துகளைக் காட்டி, "அண்ணாச்சி, அங்கே போங்கள்" என்றார் ஊழியர். போவதற்கான வழியோ பாசி பிடித்த ஓர் இரும்புச் சாய்தளம். அதன் மேல் ஒரு சாக்கைப் போட்டு வைக்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. என் ஹிமாலயன் 199 கிலோ. பைகளைக் கட்டினால் அதற்கும் மேலே. பின்சக்கரம் ஒருமுறை வழுக்கியபோது அடிவயிறு கலங்கியது.

சரி, ஏற்றிவிட்டோம் என்று சைடு ஸ்டாண்டு போட்டேன். கூடாதாம். சென்டர் ஸ்டாண்டுதான் போட வேண்டுமாம். ஏன் என்றால், சாய்ந்து நிற்கும் வண்டி இடத்தை அடைக்கிறதாம்! ஆடும் தளத்தில் வண்டி எப்படி நிற்கும் என்பதைப் படகுக்காரருக்கு மதுரைக்காரன் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. சைடு ஸ்டாண்டில் சாய்ந்த வண்டிக்கு இரண்டு டயரும் ஸ்டாண்டும் சேர்ந்து மூன்று கால். முதல் கியரில் போட்டு, முன் பிரேக்கை ஒரு ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டி, எதிர்ப்பக்கக் கம்பியோடு கயிற்றால் பிணைத்துவிட்டால் அது எளிதில் நகராது. சென்டர் ஸ்டாண்டிலோ வண்டி நெட்டுக்குத்தாக நிற்கிறது. ஒரு சக்கரம் அந்தரத்தில். கால்களின் அகலம் ஒரு முழம்கூட இல்லை. இத்தனையையும் சொன்னேன். "இதுவரை எந்த வண்டியும் விழுந்ததில்லை" என்றார்.

கட்டுவதற்குக் கயிறு கேட்டேன், இல்லை. கயிறு மாட்டத் தளத்தில் ஒரு வளையமாவது உண்டா என்று தேடினேன், அதுவும் இல்லை. சக்கரத்துக்கு அண்டை கொடுக்க ஒரு கட்டை கேட்டதற்கு என்னை ஏற இறங்கப் பார்த்தார். உயிர்காப்புச் சட்டைகள் மட்டும் நிறைய இருந்தன. எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி, மேலே ஒரு ஸ்டெப்னி டயரை வைத்திருந்தார்கள். 2002 ஜூலை 27 அன்று முஹம்மாவிலிருந்து குமரகம் வந்த படகு கவிழ்ந்து 29 பேர் இறந்தது இதே ஏரியில்தான். அன்று அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதைப் பற்றி எவ்வளவோ பேசினார்கள். முழங்கால் கவசமும் கனத்த பூட்ஸுமாக நிற்கும் நான் தண்ணீரில் விழுந்தால் எத்தனை நொடி தாங்குவேன் என்று கணக்குப் போட்டபடியே போனேன். கரையோரத் தென்னைகளும் ஆகாயத்தாமரை மிதப்பும் அழகாக இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை. பயணிகள் எல்லாரும் பெஞ்சுக்குப் போக வேண்டும் என்று விரட்டிவிட்டதால், அங்கிருந்து கழுத்தை நீட்டி என் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிர்க்கரைத் துறையில் ஜங்காரின் மூலை முதலில் இடித்தது. பெரிய இடி என்று சொல்ல முடியாது. தேநீர் குடித்துக்கொண்டிருந்தவரின் கோப்பைகூடத் தளும்பவில்லை. என் வண்டி மட்டும் நின்ற வாக்கில் இடப்பக்கம் சரிந்தது. கண்ணாடி போயிற்று, இண்டிகேட்டர் போயிற்று, கிளட்ச் லீவரின் நுனி ஒடிந்தது. நான் ஓடி வருவதற்குள் கார்க்காரர் இறங்கி, பம்பரில் கீறல் விழுந்துவிட்டது, யார் பணம் தருவது என்று என்னிடம் கேட்டார். என்னிடம்! ஊழியரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கயிற்றை வீசித் துறைக்கம்பத்தில் ஜங்காரைக் கட்டிக்கொண்டிருந்தார். ஆக, கயிறு இருக்கத்தான் செய்தது.

கதை இதோடு முடிந்திருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த ஜங்காரில் சாய்தளம் ஒரு முனையில் மட்டுமே. ஏறிய வழியாகத்தான் இறங்க வேண்டும். கார்கள் ரிவர்ஸில் ஒய்யாரமாக இறங்கிப் போய்விட்டன. திருப்புவதற்கு எனக்கு இடம் கிடைக்குமா என்று பார்ப்பதற்குள் கரையிலிருந்து அடுத்த நடைக் கார்கள் மூக்கை நுழைத்துவிட்டன. "பின்னால் தள்ளு, அண்ணாச்சி!" என்றார் ஊழியர். நீர்மட்டம் தாழ்ந்திருந்ததால் சாய்தளம் கரையை நோக்கி மேலே ஏறியது. ஒடிந்த லீவரோடு, வழுக்கும் இரும்பில், மேட்டில், இருநூறு கிலோவுக்கு மேல் கனத்ததைப் பின்னோக்கித் தள்ளினேன். ஹார்ன் அடித்தவர்கள் பலர். கை கொடுத்தவர் ஒரே ஒருவர், மீன்கூடை வைத்திருந்த பெரியவர். "மோனே, மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்து தாங்கிக்கொண்டார்.

இதற்குப் பெரிய அறிவியல் ஒன்றும் தேவையில்லை. இதே கேரளத்தில் ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவே 2018 முதல் ரோ-ரோ படகு ஓடுகிறது; ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்கிப் போய்க்கொண்டே இருக்கலாம். அவ்வளவு வேண்டாம். நான்கு வளையம், இரண்டு கயிறு, ஒரு கட்டை, ஒரு சாக்கு. இவ்வளவுக்கும் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. இரண்டு தோணிகளைப் பிணைத்து மேலே பலகை பரப்பிய ஓடத்துக்குத் தமிழில் சங்காடம் என்று பெயர். ஜங்கார் என்பதே அதன் வழியாக வந்த சொல் என்பார்கள். சங்காடத்தில் 'கா'வின் துணைக்காலை மட்டும் இழுக்காமல் சொன்னால் என் பயணத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

புகார்ப் புத்தகம் கேட்டேன். எடுத்து நீட்டினார்கள். முதல் பத்துப் பக்கமும் டீசல் கணக்கு. பதினோராவது பக்கத்தில் எழுதலாம் என்று பேனா கேட்டால், பேனா அக்கரையில் இருக்கிறதாம்.

சேர்த்தலையில் கிளட்ச் லீவர் கிடைத்தது, கண்ணாடி கிடைக்கவில்லை. திரும்பும்போது தண்ணீர்முக்கம் வழியாகவே வந்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி, தடுப்பணை முடியும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. சிரிக்கிறாளா என்று பார்க்க இடப்பக்கக் கண்ணாடியும் இல்லை.